செகுந்தா கட்டிய வாக்கு

"மொழியாடா அது? தொண்டையில முள்ளு சிக்கின நாய்கூட இதைவிடத் தெளிவாப் பேசும்!"

"மெதுவாப் பேசு சித்தி. தோப்புக்குள்ள சத்தம் போடக்கூடாது."

"ஏன், உள்ள இருக்கறதுக்குத் தொந்தரவா இருக்குமா? நீ இவ்வளவு நேரம் உளறினதைப் பொறுத்துக்கிட்டதே, நான் பேசறதையும் பொறுத்துக்கும்!"

செகுந்தா கையை ஆட்டிய ஆட்டலில் லினோ பிடித்திருந்த சேவல் திமிறிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்துவதா, சித்தியைச் சமாளிப்பதா என்று தெரியாமல் அவன் கத்தியோடு நின்றான். சேவலைக் கொண்டுவந்த தொமாசியாதான் அதன் பின்னால் ஓடினாள், ஓடிக்கொண்டே கத்தினாள்: "ஒன்பது வருஷமா இவன்தானே இங்க பேசறான்! இன்னைக்கு என் வீட்டுக் காரியம்னதும் மட்டும் உனக்குக் காது திறந்துடுச்சாக்கும்?"

"காது எப்பவும் திறந்துதான் இருந்தது. வாயைத்தான் மூடி வெச்சிருந்தேன். செத்துப்போன மூத்தார் மகனாச்சேன்னு."

நான் பக்கத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த காட்டில் எவள் விறகு பொறுக்குவாள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சண்டை எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பரிங்காவின் பின்புறம், இலவ மரங்கள் கூடி நிற்கும் தோப்பில் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. உள்ளே இருப்பது என்போம். திருட்டுப் போனவன், பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பி, பந்தயத்துக்குப் போகிற கால்பந்துக்காரர்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சிகிஞ்சோரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வரும் வியாபாரி என்று எல்லோரும் அங்கே வந்து வாக்குக் கட்டுவார்கள். ஆனால் உள்ளே இருப்பதற்குக் கோபியானா மொழி மட்டும்தான் காதில் விழும். மஞ்சாக் விழாது, கிரியோல் விழாது, பாதிரியார் பேசும் போர்த்துகீசும் விழாது. அதனால் வருகிறவர் தன் மொழியில் சொல்ல, தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அதைக் கோபியானாவில் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த மொழியில் கட்டியதை அந்த மொழியில்தான் அவிழ்க்கவும் முடியும். அவிழ்க்காமல் மீறினால் வயிறு வீங்கும். வீங்கியவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும், அது இப்போது வேண்டாம்.

செகுந்தா கட்டிய வாக்கு ஆறு வருடத்துக்கு முந்தியது. அவள் புருஷன் இறந்தபோது, அவரோடு ஒரே வருடத்தில் ஆண்பிள்ளைச் சடங்குக்குக் காடு புகுந்து வந்த தோழர்தான் பிணத்தின்மேல் முதல் துணியைப் போர்த்த வேண்டும். அந்தத் தோழர் தொமாசியாவின் வீட்டுக்காரர். சிகிஞ்சோருக்குப் போன மனிதர் வந்தபாடில்லை. முதல் துணி விழாமல் மற்றத் துணிகள் விழ முடியாது. வெயில் காலம். இரண்டு நாள் பிணம் காத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் துணியோடு வந்து, படகு கிடைக்கவில்லை என்றார். கால்பந்து பார்க்கப் போயிருந்தார் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

எட்டாம் நாள் செகுந்தா தனியாகத் தோப்புக்குப் போய், யாரையும் நடுவில் வைக்காமல் தன் வாயாலேயே கட்டினாள்: என் வயிற்றில் பிறந்ததும் அதன் வயிற்றில் பிறப்பதும் அந்த வீட்டுப் பானையில் சோறு தின்னாது. தனியாகக் கட்டியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், திரும்பும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று மஞ்சாக்கில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போது அவள் மகள் இசில்தாவுக்குப் பதினைந்து வயது. இப்போது இருபத்தொன்று. இந்த ஊரில் முப்பத்திரண்டு வீடுகள் இருக்க, கல்யாணம் கட்டிக்கொள்ள அவளுக்குத் தொமாசியாவின் மகன் ஆர்லிந்துதான் கிடைத்தான். இசில்தா கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தியதை முதலில் கவனித்தவள் நான். இரண்டாவதாகக் கவனித்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். நாலு மாதம். பிள்ளை எந்த வீட்டுச் சோற்றைத் தின்னும்? தின்றால் என்ன ஆகும்? இந்தப் பயத்தில் அந்தப் பெண் இளைத்துப் போயிருந்தாள். அதனால்தான் தொமாசியா சேவலோடு லினோவிடம் வந்து வாக்கை அவிழ்த்துவிடச் சொன்னாள். அவனும் அவிழ்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வேகவேகமாக என்னவோ சொன்னான். செகுந்தா வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

"உண்மையைச் சொல்லுடா" என்றாள் செகுந்தா. "என்ன சொன்ன இப்ப?"

லினோ வேரின்மேல் உட்கார்ந்தான். அவன் தலைநகர் பிசாவில் சிற்றுந்து நடத்துநராக இருந்தவன். தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சாகக் கிடக்கும்போதுதான் ஊருக்கு வந்தான்.

"அப்பா நாலு வரி சொல்லிக் குடுத்தாரு சித்தி. கூப்பிடறதுக்கு ரெண்டு, முடிச்சு அனுப்பறதுக்கு ரெண்டு. நடுவுல உள்ளதைச் சொல்றதுக்குள்ள போயிட்டாரு."

"நடுவுல நீ என்ன சொல்ற?"

"பாந்திம் சந்தையிலேர்ந்து விமான நிலையம் வரைக்கும் நிறுத்தம் நிறுத்தமாச் சொல்லுவேன். வேகமா."

தொமாசியா சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாருக்குமா?"

"பெரிய காரியம்னா திரும்பி வர்ற நிறுத்தத்தையும் சேர்த்துக்குவேன் அத்தை."

"அடப்பாவி! என் தம்பியோட படகு மோட்டார் களவு போனப்ப நீதானே கட்டின? ஒரே வாரத்துல திருடன் கொண்டாந்து வாசல்ல வெச்சிட்டுப் போனானே?"

"நானும்தான் பயந்துட்டேன். நாலு நாள் தூங்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் இரண்டு தடவை அவனிடம் சேவல் கொடுத்தது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

லினோ பொய்க்காரன் என்பது மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது. அதில் என் பங்கு கொஞ்சம்தான். ஆனால் ஊர் அதிர்ந்தது வேறொன்றுக்காக. லினோவுக்குத் தெரியாது என்றால், பிறகு யாருக்குத் தெரியும்? எல்லோரும் விரல்விட்டு எண்ணினார்கள். கும்பிடு போடத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியும், இரண்டு கெட்ட வார்த்தை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மஞ்சாக், சந்தையில் கிரியோல் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, பேசத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எண்ணி முடித்தபோது விரல் ஒன்றுதான் மிஞ்சியது. செகுந்தா.

அவளுக்கும் புருஷன் போன பிறகு பேச ஆளில்லை. காலையில் தன் பன்றிகளைத் திறந்துவிடும்போது நீளமாக என்னவோ சொல்லுவாள். திட்டுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் கன்சுங்குவிலிருந்து வாழ வந்த மஞ்சாக்காரி. முப்பத்தொரு வருடமாக அவள் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். வந்த புதிதில் எல்லோரும் என்னோடு மஞ்சாக்கில் பேசினார்கள், சௌகரியமாக இருந்தது. கற்றுக்கொள்ளவில்லை. அதன் தண்டனை எனக்குப் பின்னால் வந்தது.

மறுநாள் காலை உப்பு வாங்கப் போனேன். என் வீட்டில் உப்பு இருந்தது. இசில்தா உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள், செகுந்தா புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் பேச்சை நிறுத்தவில்லை. என்னை அவர்கள் ஆளாக மதிப்பதில்லை என்பதில் இப்படி ஒரு நன்மை.

"அம்மா, நீயே போய் அவிழ்த்து விட்டுடேன். உனக்கு அரை நாழி வேலை."

"கோவம் இன்னும் போகல. கோவத்தை வயித்துல வெச்சிக்கிட்டு வாயால அவிழ்த்தா, உள்ள இருக்கறது என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"என் வயித்துல இருக்கறதை நினைச்சுப் பாத்தியா?"

"நினைச்சுதான் தூக்கமில்ல."

"அப்ப?"

செகுந்தா கீரையை முறத்தில் தட்டினாள். "கேக்கற விதம்னு ஒண்ணு இருக்கு. கட்டின மொழிலதான் அவிழ்க்கச் சொல்லியும் கேக்கணும். மஞ்சாக்குல வந்து கெஞ்சறீங்க, சந்தையில மீன் கேக்கற மாதிரி இருக்கு. என் காதுல விழுது, உள்ள இறங்கல."

இசில்தா உலக்கையை நிறுத்தினாள்.

"எதுல கேப்பேன்? நீ சொல்லிக் குடுத்தியா? பன்னிக்குச் சொல்லிக் குடுத்த. எனக்குக் குடுத்தியா?"

பதில் எனக்குத் தெரியும், பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இசில்தாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது சாவ் தொமிங்குஸில் அத்தை வீட்டுக்குப் போய், அங்கே பிள்ளைகள் காட்டுமொழிக்காரி என்று கல்லால் அடித்து, நெற்றியில் ரத்தத்தோடு வந்தாள். அன்றிலிருந்து செகுந்தா அவளோடு அதில் பேசவில்லை. நெற்றியில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. அம்மா ஏன் ஒரு நாளில் வேறு மொழிக்கு மாறினாள் என்று இசில்தாவுக்கு யாரும் சொன்னதில்லை. செகுந்தாவும் அன்று சொல்லவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இசில்தா என்னிடம் திரும்பி, "உப்பு எவ்வளவு வேணும் தெல்ஃபினா அக்கா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள். நான் உப்பு வாங்காமலே வந்துவிட்டேன்.

யோசனை சொன்னவள் தொமாசியா. கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆத்துக்கு அந்தப் பக்கம் கசாங்காக்காரங்க இருக்காங்களே. அவங்க பேச்சும் இவங்க பேச்சும் ஒரே வயித்துல பொறந்ததுதானாமே?"

"பொறந்தா?" என்றாள் இன்னொருத்தி. "என் தங்கச்சி ஒரே வயித்துல பொறந்தவதான். அவ வந்து எம்புருஷனைக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடணுமா?"

"உம்புருஷன் போவான்டி. உள்ள இருக்கறது போகுமாங்கறதுதான் கேள்வி."

இதைப் பற்றி இரண்டு நாள் விவாதம் நடந்தது. கசாங்காதான் அக்காள், கோபியானா தங்கச்சி என்றார்கள் சிலர். இல்லை, கோபியானாதான் அக்காள், ஆற்றைத் தாண்டிப் போன தங்கச்சி பேச்சு கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். இரண்டும் தெரியாதவர்கள்தான் இரண்டு பக்கமும் கத்தினார்கள். அந்தப் பக்கமும் ஒன்றும் செழிப்பாக இல்லை, நாலைந்து ஊரில் கொஞ்சம் பேர்தான் மிச்சம் என்று படகுக்காரன் சொன்னான். ஆர்லிந்து வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், மூன்றாம் நாள் ஒரு அம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான்.

ஜுஸ்தா என்று பெயர். அறுபது வயதிருக்கும். நல்ல உடம்பு, உரத்த சிரிப்பு, மூக்குப்பொடி. வந்ததும் வராததுமாகத் தொமாசியா வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பனை எண்ணெய் நல்லாருக்கு, உப்பு ஜாஸ்தி" என்று கிரியோலில் தீர்ப்புச் சொன்னாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அன்று பிற்பகல் தோப்புக்குப் போனோம். சம்பந்தப்பட்டவர்கள் ஐந்து பேர்தான், போனது ஐம்பது பேர். லினோ முந்திரிப்பழக் கள்ளை வேரில் ஊற்றினான். ஜுஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தாள். செகுந்தாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு பன்றியைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தவள், பனைமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டாள். பன்றி அவள் வீட்டுக் கொல்லையில் படுத்திருந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜுஸ்தா இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். பனைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். மூன்றாவது வாக்கியத்தில் செகுந்தா வெளியே வந்தாள். நாலாவதில் ஜுஸ்தாவின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிவிட்டாள். ஜுஸ்தா இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. எந்த மொழியில் சண்டை நடந்தாலும் எனக்குப் பாதி புரிந்துவிடும். கை சொல்லும், மூக்கு சொல்லும். ஆனால் சரக்கு மற்றப் பாதியில்தானே இருக்கிறது! நீ பேசுவது தப்பு என்று செகுந்தா சொல்கிறாள், யாருக்குத் தப்பு என்று ஜுஸ்தா கேட்கிறாள், இந்த அளவுக்கு ஊகித்தேன். ஜுஸ்தா ஒன்று சொல்வாள், செகுந்தா அதையே நிமிர்த்தித் தன் மாதிரி சொல்வாள். அவள் அடுத்ததுக்குப் போவாள், இவள் அதையும் பிடுங்கித் திருத்துவாள். செகுந்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் பளபளத்தது. ஆறு வருடமாக அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

திடீரென்று செகுந்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாச்சு?" என்றாள் தொமாசியா.

லினோவின் முகம் வெளிறியிருந்தது. "சித்தி திருத்தித் திருத்தி அவிழ்க்கற வார்த்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க அத்தை. இந்தம்மா இப்ப ஆரம்பிச்சது எனக்குத் தெரிஞ்ச வரி மாதிரி கேட்டுச்சு. கடைசி ரெண்டு வரிதான் பாக்கி. அனுப்பற வரி."

"அது உனக்குத் தெரியும்னியே!"

"தெரியும்."

"பின்ன என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? சொல்லித் தொலை! முடிஞ்சுது வேலை!"

ஐம்பது பேரும் லினோவைப் பார்த்தோம். இசில்தா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். லினோ வாயைத் திறந்தான். சித்தியைப் பார்த்தான், இசில்தாவைப் பார்த்தான்.

"வேண்டாம் அத்தை. அவங்க கோவம் அவங்ககிட்டயே இருக்கு. நான் சொன்னா இன்னொரு நிறுத்தம் சொன்ன மாதிரிதான்."

தொமாசியா அவன் தலையில் ஒன்று வைத்தாள். நான் குறுக்கே போகவில்லை. ஆனால் அந்தப் பயலை முதல் தடவையாகத் தோப்புக்காரன் மகனென்று நினைத்தேன்.

செகுந்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜுஸ்தாவும் பெருமூச்சுவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பொடி டப்பியை நீட்டினாள். பிறகு இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். அவள் அவளுடைய மொழியில், இவள் இவளுடையதில். வெயில் சாயும்வரை பேசினார்கள். ஒரு தடவை செகுந்தா கையால் ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள், தன் நெற்றியைத் தொட்டாள். ஒரு தடவை ஜுஸ்தா இசில்தாவைக் காட்டி என்னவோ கேட்டாள். நடுவில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு? பிறகு ஜுஸ்தா துணி முனையால் கண்ணைத் துடைத்தாள். அது எதற்கு?

முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் யார் வீட்டில் என்ன பேசினாலும் என் காதுக்குத் தப்பியதில்லை. ஊரின் மிகப் பெரிய பேச்சு என் கண் முன்னால், பத்தடி தூரத்தில், உரக்கவே நடந்தது. ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். அந்த மொழிக்குச் சொந்தக்காரர்கள் ஐம்பது பேரும் என்னைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

கடைசியில் செகுந்தா எழுந்தாள். தோப்பைப் பார்க்கவில்லை, இசில்தாவைப் பார்த்தபடி அந்த இரண்டு வரியைச் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். லினோ தலையை ஆட்டினான். பிறகு மஞ்சாக்கில் சொன்னாள்:

"போடி. அந்த வீட்டுல போய்ச் சோறு தின்னு. உப்பு அள்ளிப் போடுவா, பாத்துக்க."

தொமாசியா அன்றைக்கு அதற்குக்கூடச் சண்டைக்கு வரவில்லை.

நான் விட்டுவிடுவேனா? மறுநாள் வேலியில் நின்று கேட்டேன். "அப்படி என்னதான் பேசினீங்க செகுந்தா?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"மஞ்சாக்குல சொல்லேன்."

அவள் மறுக்கவில்லை. சொல்லத்தான் ஆரம்பித்தாள். "அவ என்ன கேட்டான்னா…" என்று தொடங்கி நிறுத்தினாள். வேறு மாதிரி தொடங்கினாள், அதையும் நிறுத்தினாள். "மஞ்சாக்குல சொன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுது தெல்ஃபினா" என்று பன்றியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அறுவடை முடிந்து இசில்தாவுக்கும் ஆர்லிந்துவுக்கும் கல்யாணம் நடந்தது. துணிகளைச் சுமந்துகொண்டு முதலில் வந்தவர் தொமாசியாவின் வீட்டுக்காரர், விடிவதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை பிறந்தது, வயிறு யாருக்கும் வீங்கவில்லை. அவர்கள் இப்போது சிகிஞ்சோரில் இருக்கிறார்கள், ஆர்லிந்து அங்கே மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறான். குழந்தை இரண்டு பல்லோடு அந்த ஊர் வோலொஃப் மொழி பேசுகிறதாம்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடிந்த மூன்றாம் மாதம் செகுந்தா வீட்டைப் பூட்டினாள். ஆற்றைத் தாண்டி, ஜுஸ்தாவின் ஊரில் குடியேறிவிட்டாள். மகள் எவ்வளவோ கூப்பிட்டும் சிகிஞ்சோர் போகவில்லை. அங்கே இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு, தினமும் சண்டை என்கிறான் படகுக்காரன். எதைப் பற்றி என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.

லினோ அவளைப் பார்க்கப் போகிறேன் என்று மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தான். சித்திமேல் திடீரென்று இவ்வளவு பாசமா என்று நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்தது. ஜுஸ்தாவுக்குப் புருஷனை இழந்த மகள் ஒருத்தி இருந்தாள். போன மழைக்காலத்துக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு அவனும் அங்கேயே தங்கிவிட்டான். மாமியார் வீட்டில் இன்னும் எல்லோரும் அவனைத் திருத்திக்கொண்டிருக்கிறார்களாம்.

சிகிஞ்சோரிலிருந்து இப்போதும் சேவலோடு ஆட்கள் வருகிறார்கள். தோப்புக்குப் பக்கத்தில் முதல் வீடு என்னுடையது என்பதால் என் வாசலில்தான் விசாரிக்கிறார்கள். என்ன காரியம் என்று முழுதாகக் கேட்டுக்கொண்ட பிறகு, படகுத்துறைக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.